டூரிசம் படிப்பு: ஊர் சுற்றவா, ஊர் சுற்றிக் காட்டவா?

பி.காம். கடைசி வருடத்தில் இருப்பவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் சி.ஏ., எம்.பி.ஏ., பேங்க் எக்ஸாம் என்று மூன்று பதில்கள்தான் பெரும்பாலும் வரும். நாலாவதாக யாராவது "டூரிசம் மேனேஜ்மென்ட் படிக்கப் போறேன்" என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஏன் என்று கேட்டால் வருகிற பதில், "எனக்கு ஊர் சுத்தப் பிடிக்கும்." இதையே வீட்டில் சொன்னால் அப்பா கேட்பதும் ஒன்றுதான். "ஊர் சுத்துறதுக்கு ஒரு படிப்பா?"

வேடிக்கை என்னவென்றால், பிள்ளை, அப்பா இரண்டு பேருமே அந்தப் படிப்பைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது ஊர் சுற்றுவதற்கான படிப்பு இல்லை. அடுத்தவர் நிம்மதியாக ஊர் சுற்றுவதற்காக ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போடும் படிப்பு!

இந்தத் தொழில் ஆரம்பித்த கதையே அதற்குச் சாட்சி. 1841 ஜூலை 5-ஆம் தேதி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ஒரு சிறப்பு ரயில் போனது. மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன சுமார் 500 பேர் அதில் இருந்தார்கள். போக வர ஆளுக்கு ஒரு ஷில்லிங். ஏற்பாடு செய்தவர் தாமஸ் குக். மரவேலை செய்து பிழைத்தவர், மதப் பிரசாரகர். ரயில் அவருடையது இல்லை, தண்டவாளமும் இல்லை. கம்பெனியிடம் பேசி மொத்தமாக இடம் பிடித்து, ஒரே விலை வைத்து, எல்லோரையும் ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் கொடுத்தது "ஏற்பாடு" மட்டும்தான். இன்றைக்கும் டூர் ஆபரேட்டர் விற்பது அதைத்தான்.

சரி, இதில் மார்க்கெட்டிங் எங்கே வருகிறது?

சோப்பு வாங்குபவர் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கலாம். புடவையை விரித்துப் பார்க்கலாம். டூரை அப்படிப் பார்த்து வாங்க முடியாது. பணம் முதலில், பயணம் பிறகு. பிடிக்கவில்லை என்றால் மாற்றி வாங்கவும் முடியாது, போன லீவு போனதுதான். அதனால்தான் வணிகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நான்கு 'பி'க்கள் (பொருள், விலை, இடம், விளம்பரம்) சேவைத் தொழிலுக்குப் போதவில்லை. 1981-ல் பூம்ஸ், பிட்னர் என்ற இருவர் இன்னும் மூன்றைச் சேர்த்தார்கள்: மனிதர்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி போலத் தெரியும். ஆனால் கும்பகோணம் பக்கம் ஒரு நவக்கிரக டூர் நடத்திப் பார்த்தால் அந்த மூன்றும்தான் தொழிலே என்று புரிந்துவிடும்.

ஒன்பது கோயில்கள். சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி, திருநள்ளாறு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில். மத்தியானம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். காலையில் டயர் பஞ்சராகி அரை மணி நேரம் போனால், நஷ்டம் அரை மணி நேரத்தோடு நிற்காது. ஒரு கோயில் நடை சாத்துவதற்கு முன் போய்ச் சேர முடியாமல், நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டி வரும். அடுத்த கோயில்கள் எல்லாம் தள்ளிப்போகும். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு கூட்டத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். எந்த வரிசையில் போவது, எங்கே சாப்பாடு, வயதானவர்களுக்குக் கழிப்பறை எங்கே... இதுதான் அந்த 'செயல்முறை'. பஸ் டிரைவர் சிரித்த முகமாக இருக்கிறாரா என்பது 'மனிதர்கள்'. அந்த டிரைவர் பெரும்பாலும் டூர் கம்பெனியின் ஊழியர்கூட இல்லை. ஆனால் அவர் எரிந்து விழுந்தால் பெயர் கெடுவது கம்பெனிக்கு!

இப்போது பி.காம். படித்தவருக்குப் பிடித்த இடத்துக்கு வரலாம்: கணக்கு.

ஒரு பேச்சுக்கு இரண்டு நாள் டூர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் 40 இருக்கைகள். பஸ் வாடகை, டிரைவர், வழிகாட்டி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. அறை, சாப்பாடு ஆளுக்கு 2,000. டிக்கெட் விலை 4,000. ஒவ்வொருவரிடமும் மிஞ்சுவது 2,000. ஆக, 30 பேர் வந்தால்தான் 60,000 தேறும். அங்கே லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 29 பேர் என்றால் 2,000 நஷ்டம். 40 பேர் என்றால் 20,000 லாபம். அதாவது, முதல் 30 பேர் பஸ்ஸை ஓட்டுகிறார்கள். சோறு போடுவது கடைசிப் பத்துப் பேர்.

அந்தப் பத்து இருக்கைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. பஸ் கிளம்பிவிட்டால் அவை செத்துப்போகும். மளிகைக்கடையில் இன்று விற்காத பருப்பை நாளை விற்கலாம். இன்று காலியாகப் போன இருக்கையை நாளை விற்க முடியாது. அதனால் கடைசி நாளில் "மூவாயிரத்துக்குக் கொடுத்துவிடலாமே" என்று மனசு அடித்துக்கொள்ளும். கணக்குப்படி அதுவும் லாபம்தான். ஆனால் ஒரு மாதம் முன்பே 4,000 கட்டியவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொண்டால்? அடுத்த முறை அவரும் கடைசி நாள் வரை காத்திருப்பார்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-ல் இந்தச் சிக்கலைத் திருப்பிப் போட்டது. பல நாட்களுக்கு முன்பே வாங்குபவருக்குக் குறைந்த விலை, கடைசி நேரத்தில் வருபவருக்கு முழு விலை. அவசரமாக வருபவர் போயே ஆகவேண்டியவர், விலை பார்க்க மாட்டார் என்ற கணக்கு. எந்த விலைக்கு எத்தனை இருக்கை என்று முடிவுசெய்யும் வேலை அதன்பின் தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. இன்று ஓட்டல், விமானம் இரண்டிலும் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கு தெரிந்த பி.காம். மாணவர்களுக்கு நல்ல வாசல் இது. பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

மார்க்கெட்டிங் என்றால் ஆட்களை அழைப்பது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 'கடவுளின் சொந்த நாடு' என்று 1989-ல் கேரளம் அழைத்தது, 2002-ல் இந்திய அரசு 'இன்கிரெடிபிள் இந்தியா' என்று அழைத்தது. இரண்டும் பாடப்புத்தக உதாரணங்கள். ஆனால் நம் ஊரிலேயே எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் தாங்க முடியாமல் போய், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில், கோடை சீசனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. வராதே என்று சொல்லாமல் வரவைக் குறைப்பதும் மார்க்கெட்டிங்தான் என்று கோட்லரும் லெவியும் 1971-லேயே எழுதிவிட்டார்கள். ஒரு ஊர் எப்படிப் பிரபலமாகி, நிரம்பி, பிறகு அலுத்துப்போகிறது என்று பட்லர் 1980-ல் வரைந்த கோட்டைப் படித்துவிட்டு ஊட்டி ரோட்டில் வண்டிக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், அந்தப் பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது.

இனி அப்பாவின் கேள்விக்கு வர வேண்டும். அவர் பயம் வெறும் பயம் இல்லை. 2019-ல் உலகம் முழுவதும் எல்லை தாண்டிச் சென்ற பயணிகள் சுமார் 146 கோடி. 2020-ல் அது சுமார் 40 கோடி. கொரோனா வந்தபோது முதலில் நின்றது பயணம், கடைசியாகத் திரும்பி வந்ததும் பயணம். அதற்கு முன்பே, 2019 செப்டம்பர் 23-ல், அந்த தாமஸ் குக் ஆரம்பித்த பிரிட்டிஷ் கம்பெனியே திவாலானது. வெளிநாடுகளில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகளை அரசு தனி விமானங்கள் வைத்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது 2012-லேயே கைமாறிய வேறு நிறுவனம், அது விழவில்லை.) 178 வருடக் கம்பெனிக்கே இந்த நிலை என்றால், ஒரு அப்பா பயப்படாமல் இருப்பாரா?

வேலையின் முகமும் மாறிவிட்டது. 2002-ல் ரயில் டிக்கெட் இன்டர்நெட்டுக்கு வந்தது. இன்று டிக்கெட் போடுவதற்கு என்று ஒரு ஆள் தேவையில்லை, செல்போன் போதும். வெறும் டிக்கெட் போடத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆனால் செல்போன் செய்யாத வேலைகள் இருக்கின்றன. 60 வயதுக்காரர்கள் 30 பேரைக் காசிக்குக் கூட்டிப்போய் 30 பேரையும் திரும்பக் கொண்டுவருவது. விமானம் ரத்தான இரவில் அறை பிடிப்பது. ஒரு கம்பெனியின் 200 டீலர்களுக்கு மாநாடு நடத்துவது. பயணம் ரத்தானால் யாருக்கு எவ்வளவு பணம் திரும்பும் என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது. இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் படிப்பு. 1983-ல் மத்திய அரசு தொடங்கிய சுற்றுலா மேலாண்மை நிறுவனம் குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்டு எம்.பி.ஏ. நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோவிலும் சுற்றுலாப் படிப்பு உண்டு. எங்கே சேர்ந்தாலும் கணக்கை விடாமல், இந்தியோ பிரெஞ்சோ கூடுதலாக ஒரு மொழியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

சேர்வதா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறதா? அதற்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. வகுப்பில் ஐ.வி. போகும்போது ஒருவர் மட்டும் தனியாகத் தெரிவார். ஆறு மாதமாகப் பணம் வசூலிப்பவர், பஸ்காரரிடம் பேரம் பேசுபவர், யார் சைவம் யார் அசைவம் என்று நோட்டில் எழுதுபவர், எல்லோரும் டான்ஸ் ஆடும்போது தலை எண்ணிக்கொண்டிருப்பவர். அருவியில் குளிக்காமல் எல்லோருடைய செல்போனையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரும் அவர்தான். அடுத்த டூருக்கு அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். திரும்பி வந்து கணக்கை முடித்துக் கொடுத்த பிறகு, "இன்னொரு தடவை பண்ணலாம்" என்று மனசு சொன்னால் தாராளமாக விண்ணப்பம் வாங்கலாம். அப்பாவிடமும் அந்தக் கணக்கு நோட்டைக் காட்டலாம்.