வால்பாறை ஏறும் பழைய கார்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்பவர்களுக்கு, ஆழியாறு அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. பழைய காருக்கு இதுதான் பரீட்சை. சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி ஏற்றத்தில் மட்டும் சூடானால், ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம்.

டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாக வையுங்கள். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும். புழுக்கம்தான், ஆனால் இன்ஜின் பிழைக்கும். ஹீட்டரில் சூடே வரவில்லையா? கூலன்ட் குறைந்திருக்கலாம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். நன்றாக ஆறட்டும்.

9-வது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கோளாறு இல்லாவிட்டாலும் அங்கே நிறுத்துங்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம். அதிர்ஷ்டமிருந்தால் பாறைமேல் வரையாடு. காரும் மூச்சு வாங்கிக்கொள்ளும்.