உப்புக்காற்றும் எவர்சில்வரும்

மட்டாஞ்சேரியில் இரும்பு அதிக நாள் தாங்காது. ஒரு பக்கம் காயல், கொஞ்சம் தள்ளிப் போனால் அரபிக்கடல். பஜார் ரோட்டுப் பழைய கிட்டங்கிகளின் கதவுக் கீல்களைப் பாருங்கள், துரு ஏடு ஏடாக உரிந்து நிற்கும். அதனால்தான் இப்போது மாடிக் கைப்பிடிக்கு எல்லாரும் எவர்சில்வர் குழாய் போடுகிறார்கள். நாங்களும் போட்டோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் டீக்கறை போலப் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

மழையில் நேராக நனைகிற கம்பிகள் பளிச்சென்று இருந்தன. இறவாரத்துக்கு அடியில், ஒரு சொட்டும் படாத கம்பிகளில்தான் கறை. வெல்டிங் வைத்த மூலைகளில் விரலால் தடவினால் சொரசொரத்தது. எனக்கு இது பெரிய வியப்பு.

எவர்சில்வரும் இரும்புதான். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனத்தில் ஒரு படலமாக மேலே படர்கிறது. சாதாரணத் துரு உதிர்ந்துபோய் அடியிலிருக்கும் இரும்பையும் அரிப்புக்குக் கொடுத்துவிடும். இந்தப் படலமோ இறுகப் பிடித்துக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானாக மூடிக்கொள்ளும்.

அதற்கு எமன் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு ஊசிமுனையளவு இடத்தில் படலத்தைத் துளைக்கிறது. குழிக்குள் ஆக்சிஜன் சரியாகப் போகாது, அமிலம் பெருகும், படலம் மறுபடி கூடாது. திறந்தவெளியில் விழுகிற உப்பை மழை கழுவிவிடுகிறது. இறவாரத்தடியில் அது படிந்துகொண்டே போகிறது. வெல்டிங் சூட்டில் நிறம் மாறிய இடத்தில் மேற்பரப்புக் குரோமியமும் குறைந்துவிடுவதால் அரிப்பு அங்கே முந்திக்கொள்கிறது. அடுப்படியிலும் இதே கதைதான்: ஈரம் கசியும் கல்லுப்பை எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் அடி குழி விழும். உப்புக்கும் ஊறுகாய்க்கும் நம் பாட்டிமார் ஜாடியை விடாமல் வைத்திருந்தார்களே, அது அனுபவ அறிவு.

கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, நல்ல சரக்கு" என்பார்கள். நம்பாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பாத்திரத்துக்குப் போதுமான 304கூடக் கடலோரக் கைப்பிடிக்குப் போதாது. இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்த 316தான் இங்கே நிற்கும். விலை கூடும், ஆனாலும் அதையே கேளுங்கள், ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வெல்டிங் கறையை அமிலப் பசை போட்டு எடுக்கச் சொல்லுங்கள். மழை படாத கம்பிகளை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.