அம்மாபேட்டையும் அதன் ஏரியும்

நாற்புறமும் மலைகள் காவல் நிற்க, நடுவே அமைந்த நகரம் சேலம். வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இம்மலைகளில் பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கித் திருமணிமுத்தாற்றில் சேர்ந்து, நகரின் ஊடே சென்று, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. அந்நீர் ஒரே நாளில் ஓடி மறைந்துவிடாதபடி நம் முன்னோர் வழியெங்கும் ஏரிகளை அமைத்தனர். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அந்நீர் வாய்க்கால் வழியே கீழ் ஏரியை அடையும். மழைக்காலத்து மிகுதி, கோடைக்காலத்துக் கையிருப்பாய் மாறியது.

நகரின் கிழக்குப் பகுதியான அம்மாபேட்டைக்குச் செல்வோர் காதில் முதலில் விழுவது தறியின் ஓசை. பன்னெடுங்காலமாய் நெசவை நம்பி வாழும் பேட்டை இது. சேலத்து நெசவாளர் குடியிருப்புகளில் 'பாவடி' என்றொரு திறந்தவெளி உண்டு. நூலை நீட்டிப் பாவு போடுவதற்கென விடப்பட்ட பொது நிலம் அது. வெயில் ஏறுமுன் அதிகாலையில், மரநிழல் கிடைத்தால் மரநிழலில், குடும்பமாய் அவ்வேலையைச் செய்வர். தொழிலுக்கு நிழலும் காற்றும் வெற்றிடமும் தேவை என்பதை அறிந்து ஊரமைத்தவர்கள் அவர்கள்!

ஆகவே தட்பவெப்பம் மாறுவது இம்மக்களுக்கு ஏட்டளவிலான செய்தி அன்று. குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் தம் கால்களைப் பள்ளத்தில் தொங்கவிட்டே மிதிக்கட்டையை மிதிக்கிறார். பெருமழை பெய்து அக்குழியில் நீர் ஊறினால் தறி நின்றுவிடும்; தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. கோடையிலோ வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும்போது, ஓட்டுக் கூரையின் கீழும் தகரக் கூரையின் கீழும் பிற்பகல் வேலை பெருந்துன்பமாகிறது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டு மலையில் கொட்டியபோது, திருமணிமுத்தாறு பெருக்கெடுத்ததைச் சேலத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம், வெப்பம் என்னும் இவ்விரண்டு துன்பங்களுக்கும் ஒரே மருந்து உண்டா? உண்டு. அது இப்பேட்டையின் பக்கத்திலேயே கிடக்கிறது.

குமரகிரிக் குன்றின் அருகே உள்ள ஏரியைத்தான் குறிப்பிடுகிறோம். குமரகிரி ஏரி என்றும் அம்மாபேட்டை ஏரி என்றும் வழங்கும் இந்நீர்நிலையின் கரையில் சற்று நின்று பார்த்தாலே, ஏரியின் பணி விளங்கும். மழைநீரை வாங்கித் தேக்குகிறது. மெல்ல மண்ணுக்குள் இறக்கி அயலிலுள்ள கிணறுகளை ஊறச் செய்கிறது. பகல் வெப்பத்தை ஏற்று, ஆவியாகி, சூழலைத் தணிக்கிறது. கரையில் மரம் இருந்தால் தணிப்பு இரட்டிக்கும்.

இதன் சிறப்பை முழுதும் உணரவேண்டுமாயின், நகரின் வடபுறம் சேர்வராயன் மலையடியிலுள்ள கன்னங்குறிச்சிக்கும் சென்று வருதல் நன்று. அங்குள்ள மூக்கனேரி 58 ஏக்கர் பரப்புடையது. 2010-ஆம் ஆண்டில் பியூஷ் மானுஷ் முதலானோர் அடங்கிய சேலம் மக்கள் குழுவினர், பொதுமக்களின் பொருளுதவியோடும் உழைப்போடும் அதனைச் சீர்செய்யத் தொடங்கினர். தோண்டிய வண்டலை வெளியே அள்ளிச் செல்ல மிகுந்த பொருட்செலவாகும். அவர்கள் அதனை ஏரிக்குள்ளேயே திட்டுகளாய்க் குவித்தனர். இவ்வாறு 40-க்கும் மேற்பட்ட சிறு தீவுகள் எழுந்தன. சரிவு கரையாதிருக்க வெட்டிவேர் நட்டனர். மேலே மரக்கன்றுகள் வைத்தனர். இன்று அத்தீவுகள் பறவைகளின் உறைவிடம். தோண்டிய இடம் ஆழமாகி நீர் கொண்டது; குவித்த இடம் சோலையாகி நிழல் தந்தது. அம்மாபேட்டை ஏரியிலும் அக்குழுவினர் பணி செய்தனர்.

உலகின் பெருநகரங்கள் இன்று நாடுவதும் இதே நெறியையே. நிலவடிவமைப்புக் கலைஞரான சீனத்துக் காங்ஜியான் யூ ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஹார்பின் நகரின் சுன்லி சதுப்பு நிலத்தைச் சுற்றி, வெட்டிய மண்ணைக்கொண்டே மேடுகளும் குட்டைகளும் அமைத்து, மழைநீரை ஏற்கும் பூங்காவாக்கினார். மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சும் நகரம் என்னும் அவரது கருத்தைச் சீன அரசு ஏற்று, 2015-இல் 16 நகரங்களில் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. 2025-இல் பிரேசிலில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், பீஷான் பூங்கா ஓரமாய் 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேராய் ஓடிய காங்கிரீட் கால்வாயை உடைத்தெறிந்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கினர். அப்பணி 2012-இல் நிறைவுற்றது. மழை மிகும்போது ஆறு பரந்து புல்வெளியை மூடும். வடிந்தபின் குழந்தைகள் அங்கே விளையாடுவர்.

சிங்கப்பூர் தன் காங்கிரீட்டை உடைக்கும் காலத்தில், நாம் ஏரிக்கரைகளைச் செங்குத்துச் சுவராக்கி, நடைபாதைக்குக் கல் பதித்து, அதனை அழகுபடுத்தல் என்று பெயரிடலாமா? நீர் ஏறி இறங்கும் தாழ்ந்த விளிம்பிலேதான் கோரை வளரும், மீன் முட்டையிடும், நாரை இரை தேடும். அவ்விளிம்பு போனால் எஞ்சுவது தொட்டி மட்டுமே.

மேலும், ஏரியை மட்டும் காத்தால் போதாது. வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரி, நரம்பறுந்த உடலுக்கு ஒப்பாகும். மழைநீர் வரவேண்டிய வழியில் சாக்கடை வந்தால், ஆகாயத்தாமரை படர்ந்து நீரை மூடிவிடும். ஏரிகளையும் ஓடைகளையும் பாவடி போன்ற வெளிகளையும் ஒரே உடம்பின் உறுப்புகளாய்க் கருதித் திட்டமிடுவதே நகராண்மைக்கு அறிவுடைமை.

அரசும் மாநகராட்சியும் செய்யவேண்டியவை பல. எனினும் இல்லங்கள் செய்யக்கூடியவை சிறியனவல்ல. வீட்டு முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிடாமல், மழை இறங்க ஓரிடம் விடுங்கள். வாசலில் ஒரு வேம்போ புங்கோ வையுங்கள். தெருமுனை ஓடையில் குப்பை கொட்டுவோரைக் கண்டால் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, மதகு எது, கோடி எது, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டுங்கள். மேல் தெருவார் விட்டுவைக்கும் ஒவ்வொரு வாய்க்காலும், கீழ்த் தெருவில் ஒரு நெசவாளியின் தறிக்குழியை உலர்வாய் வைக்கும்.