காலா, தலையா?

பதினஞ்சு நாளா பதிவு ஏதும் போடல. "ஆளையே காணோமே"ன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. இருக்கேன். செல்போனை அஞ்சு நிமிஷம் பார்த்தாலே நெத்திக்குள்ள உளி வெச்ச மாதிரி வலிச்சுது, அதான். இதையே மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமாத்தான் தட்டுறேன்.

தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு இருந்த நேரம். மடை மாத்தப் போனப்ப தலையில தென்னைமட்டை விழுந்துருச்சு. டவுன்ல இருக்கறவங்களுக்கு மட்டைன்னா லேசாத் தோணும். அதோட அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தவங்களுக்குத்தான் கனம் தெரியும். கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல. விழுந்த வேகத்துல வலது முழங்காலுக்குக் கீழ, வாய்க்கால் சிமெண்ட் விளிம்புல தேய்ச்சுத் தோல் வழண்டு போச்சு.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தக்கசிவு இல்ல, மூளை குலுங்கியிருக்கு, கன்கஷன்னு சொன்னாங்க. கால் புண்ணைக் கழுவி, டிடி ஊசி போட்டு, ஓய்வா இருங்கன்னு அனுப்பிட்டாங்க. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ரத்தம் கசியறதைக் கூட்டக்கூடிய ஆஸ்பிரின், புரூஃபென் எல்லாம் இப்போதைக்குக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் மரத்துப் போறது, பேச்சுக் குழறல், இதுல ஒண்ணு வந்தாலும் உடனே வரணும்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. வீட்டுக்காரம்மா அதைக் காலண்டர் பக்கத்துல ஒட்டிட்டாங்க. ராத்திரியில எழுப்பி, "ஏனுங்க, இன்னைக்கு என்ன கிழமை?"ன்னு கேப்பாங்க. நல்லா இருக்கறப்பவே சந்தை நாள் தவிர எனக்கு வேற கிழமை தெரியாது!

ஆறாம் நாள் கால் வீங்கிருச்சு. புண்ணைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்குச் செவந்து, தொட்டா அடுப்புப் பக்கம் மாதிரி சுட்டுது. சாயங்காலம் குளிரும் வந்துச்சு.

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வந்து பார்த்தாரு. "கெழக்க மருந்துக்கடையில சொல்லி வாங்கியாந்தேன் அண்ணா, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ரெண்டு நாள் போடுங்க, சரியாப் போயிரும்"னு நாலு மாத்திரை வெட்டின அட்டையைக் குடுத்தாரு. அட்டையில சிவப்புக் கோடு இருந்துச்சு. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்துன்னு அதுக்கு அர்த்தம். கோயமுத்தூர்ல இருக்கற மக போன்ல, "அப்பா, சும்மா சும்மா ஆன்டிபயாடிக் போடாதீங்க. அப்புறம் நிசமா வேணுங்கறப்ப கேக்காது"ங்கறா. சின்னம்மா, மஞ்சளும் குப்பைமேனியும் அரைச்சுப் பத்துப் போடுன்னாங்க.

என் யோசனை வேற பக்கம் ஓடுச்சு. மாட்டுக்கு மடிநோய் வந்தா இந்த மருந்தெல்லாம் எனக்குப் பழக்கம்தான். டாக்டர் எத்தனை நாள்னு சொல்றாரோ அத்தனை நாள் போடணும், அதுக்கப்புறமும் அவர் சொல்ற வரைக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊத்தக் கூடாது. மருந்தைப் பத்தி எனக்குப் பயம் இல்ல. ஆனா மாட்டுக்குத் தலையில அடிபட்டிருக்கல. இந்த மாத்திரையைப் போட்டு ராத்திரி வாந்தி வந்துச்சுன்னா, அது மாத்திரையால வந்ததா, மண்டைக்குள்ள ஏதாவது கசியுதா? காலண்டர் பக்கத்துல ஒட்டின சீட்டுல மொத வரியே வாந்திதான். வீட்டுல இருக்கற ரெண்டு பேரும் எதை வெச்சு முடிவு பண்றது? போடாம விட்டாலும் இதே கதைதான். காய்ச்சல் ஏறி நான் பிதற்றினா, அது காலா தலையான்னு யாருக்குத் தெரியும்?

அதனால அந்த அட்டையைத் தொடல. அன்னைக்கு ராத்திரியே பங்காளி வண்டியிலயே பின்னாடி வீட்டுக்காரம்மா புடிச்சுக்க, டவுன் டாக்டர்கிட்டப் போயிட்டோம். ஒவ்வொரு பள்ளத்துலயும் மண்டை ஆடுனது தனிக் கதை.

டாக்டர் மொதல்ல காலைப் பார்க்கல. டார்ச் அடிச்சுக் கண்ணைப் பார்த்தாரு, நேர்கோட்டுல நடக்கச் சொன்னாரு, ரெண்டு கையையும் நீட்டச் சொன்னாரு. அப்புறம் சர்க்கரை பார்த்தாரு, 118. கடைசியாத்தான் கால். "தலை பரவாயில்லீங்க. கால்தான் இப்ப அவசரம். இது செல்லுலைட்டிஸ், தோலுக்கு அடியில கிருமி பரவுது. பத்துப் போட்டு நிக்காது, ரத்தத்துக்குப் போனா வம்பு"ன்னாரு.

கடை மாத்திரையைக் காட்டினேன். சிப்ரோஃப்ளாக்சசின். இந்தத் தோல் கிருமிக்கு அது சரியான மருந்தும் இல்ல, சிலருக்குத் தலைசுத்தல், குழப்பம் குடுக்கும், அபூர்வமா வலிப்பும் வரும், இப்ப உங்க தலைக்கு வேண்டவே வேண்டாம்னு எடுத்து ஓரமா வெச்சாரு. பென்சிலின் அலர்ஜி உண்டான்னு கேட்டுட்டு செபலெக்சின் 500 எழுதினாரு, நாளைக்கு நாலு வேளை, ஏழு நாள். வயித்தைப் பிரட்டினா சாப்பிட்டுட்டுப் போடுங்கன்னாரு.

என் கேள்வியைக் கேட்டேன். வாந்தி வந்தா எதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? "நீங்க கண்டுபுடிக்க வேண்டாம். ஒருதரம் வந்துட்டு ஆள் தெளிவா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க. திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி கூடினாலோ, ஆள் மந்தமானாலோ, மாத்திரைன்னு நினைச்சுட்டு உக்காந்திருக்காம நேரா ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க." இதை என்னைப் பார்த்துச் சொல்லல, வீட்டுக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னாரு.

அப்புறம் பேனா எடுத்துச் செவப்பைச் சுத்திக் கோடு போட்டாரு. பாத்திக்கு வரப்புப் போட்ட மாதிரி. மொத நாள் கொஞ்சம் தாண்டலாம், ரெண்டு நாள் கழிச்சும் தாண்டிட்டே இருந்தா வரணும்.

மறுநாள் ஒரு விரக்கடை தாண்டுச்சு. வீட்டுக்காரம்மா காலையும் சாயங்காலமும் லைட் அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம போயிருவாங்க. மூணாம் நாள் கோட்டுக்குள்ள வந்துருச்சு. வாந்தி வரல, நாலு நாள் வயிறு போச்சு, மோரும் கஞ்சியுமா ஓட்டினேன். அஞ்சாம் நாள் பார்க்கறதுக்குக் கால் நல்லாயிருச்சு, இருந்தாலும் ஏழு நாளும் 28 மாத்திரையும் முடிச்சேன். மகளுக்கும் காலி அட்டையைப் படம் புடிச்சு அனுப்பிட்டேன்.

இப்ப காலில் தோல் உரியுது, அரிப்பு மட்டும் இருக்கு. தலைதான் இன்னும் பாக்கி. மடை திறக்கக் குனிஞ்சா பூமி ஒரு பக்கம் சாயுது. கசிவு வாரக்கணக்குல கழிச்சும் வரலாம்னு சொல்லியிருக்காங்க, அதனால கிழமை கேக்கறது நிக்கல. தண்ணியைப் பங்காளிதான் பார்த்துக்கறாரு. மட்டை விழுந்த மரத்துக்கு நேத்து ஆள் ஏத்திக் காய்ஞ்சதெல்லாம் இறக்கியாச்சு. இன்னும் பதினோரு மரம் இருக்கு.