உகந்தை வரை எங்கள் கெப் வண்டி

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் இருக்கிறது திருக்கோவில். கடலோரத்தில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் இங்கே திரளும். கதிர்காமத் திருவிழாக் காலத்தில் இன்னொரு கூட்டமும் இந்த ஊருக்கு வரும். வடக்கில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் கால்நடையாகக் கதிர்காமம் போகிற அடியார்கள் இவ்வாலயத்தைத் தரிசித்துவிட்டுத் தெற்கே நடப்பார்கள்.

எங்கள் மாதர் குழுவைச் சேர்ந்த 14 பேர் இம்முறை அந்த யாத்திரைக்குப் புறப்பட்டார்கள். அநேகமானோர் தனித்து நின்று குடும்பம் நடத்துகிறவர்கள். சிலருக்குக் கணவர் இல்லை. சிலருடைய பிள்ளை எங்கே என்று இன்று வரை தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்த்தி இருந்தது. அது அவரவர் மனதோடு. அவர்களுடைய சாமான்களை ஏற்றிச் செல்ல ஒரு கெப் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். நானும் வண்டியோடு போனேன். அதன் பின்பெட்டியில் சாமான் அடுக்கிய விதத்தையே இங்கே எழுதுகிறேன். அதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வாசித்துப் பாருங்கள்.

பாதை

திருக்கோவிலில் இருந்து பொத்துவில் வரை நல்ல தார் வீதி. விநாயகபுரம், கோமாரி என்று ஊர்கள் வரும். வழியில் கடற்பக்கமாக இருக்கும் சங்கமன்கண்டி முனைதான் இலங்கைத் தீவின் கிழக்கு எல்லை. பொத்துவில் தாண்டினால் அறுகம்குடா. அதற்கப்பால் பாணமை. சிங்களவரும் தமிழரும் கொண்டும் கொடுத்தும் உறவாகிப்போன பழைய ஊர் அது.

பாணமைக்குப் பிறகு வீதியின் குணமே மாறிவிடுகிறது. கிறவல் பாதை. ஓரிடத்தில் சட்டி போலக் குழி, ஓரிடத்தில் சில்லுப் புதைகிற மணல், ஓரிடத்தில் தண்ணீர் வற்றிய ஓடை. கச்சான் காற்று அடிக்கிற காலமாகையால் முன்னே ஒரு வாகனம் போனால் பின்னால் வருகிறவருக்குப் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியாது. இப்படிக் குலுங்கிக் குலுங்கிப் போனால் கடலோரப் பாறைகளின் நடுவே உகந்தை முருகன் ஆலயம் வரும்.

உகந்தைக்கு அப்பால் குமண வனம். முன்னர் யால கிழக்கு என்று பெயர். யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை பார்வையாளர்களுக்கு மூடியிருந்த இந்த வனத்துக்கு, 2006இல் குமண என்று பெயர் மாற்றினார்கள். யாத்திரைக் காலத்தில் மட்டும் சில நாட்களுக்கு அடியார்களுக்காக இந்தக் காட்டுப் பாதையைத் திறந்து விடுவார்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி ஐந்து, ஆறு நாட்கள் நடக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு உகந்தைதான் கடைசி. அங்கிருந்து அது பொத்துவிலுக்குத் திரும்பி, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று சுற்றிக் கதிர்காமம் போய் நடந்து வருகிறவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே வண்டியில் மூன்று வகைச் சாமான் இருந்தது. கோமாரி, பொத்துவில், பாணமை என்று ஒவ்வொரு இரவும் இறக்கி ஏற்ற வேண்டியவை ஒரு வகை. உகந்தையில் இறக்கித் தோளில் கொண்டு போக வேண்டியவை இன்னொரு வகை. கதிர்காமத்தில் மட்டும் தேவைப்படுகிறவை மூன்றாவது வகை. இந்த மூன்றையும் பிரித்துக்கொண்டதும் பாதி வேலை முடிந்துவிட்டது.

கரிக்கோட்டுப் பெட்டி

ஆட்கள் இருக்க இரண்டு வரிசை ஆசனம் உள்ள கெப் வண்டியின் பின்பெட்டி சிறியது. ஏறக்குறைய 5 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதிலும் இரண்டு பக்கமும் சில்லு மேடு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புறப்பட முதல்நாள் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் அதே அளவில் கரியால் ஒரு பெட்டி கீறினோம். கொண்டு வந்த சாமான்கள் அனைத்தையும் அந்தக் கோட்டுக்குள் அடுக்கிப் பார்த்தோம். கோட்டுக்கு வெளியே நின்றவை வீட்டுக்குத் திரும்பின. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. கோடு சொல்லிவிட்டது.

அடுக்கத் தொடங்கியபோது எங்களில் மூத்த ஒரு அம்மா சொன்னார். "தொண்ணூறாம் ஆண்டு ட்ரக்டர் பெட்டியில கையில பட்டதெல்லாம் ஏத்தினோம் புள்ள. அரிசி அடியில போயிட்டு. புள்ளைகள் பசியில கத்துறாங்க, ஒரு சுண்டு அரிசி எடுக்க எல்லாத்தையும் றோட்டுல இறக்கினோம். முதல்ல எடுக்கிறத்தக் கடைசியா வையுங்க." எங்கள் முழு அடுக்குக்கும் இதுவே சட்டமாயிற்று.

சாரதி அண்ணன் இன்னொரு சட்டம் சொன்னார். பாரம் முன்னுக்கும் கீழுக்கும் போக வேண்டும். பாரமானதைப் பின் கதவருகே வைத்தால் வண்டியின் முன்பக்கம் இலேசாகி, மணலிலும் வளைவிலும் ஸ்டியரிங் பிடி கொடுக்காது. உயரத்தில் வைத்தால் குழியில் இறங்கும்போது வண்டி சரியப் பார்க்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எங்களிடம் 20 லீற்றர் கான்கள் ஆறு இருந்தன. அதுவே 120 கிலோ. அந்த ஆறையும் சாரதி ஆசனத்துக்குப் பின்னால் உள்ள தகட்டோடு ஒட்டி வரிசையாக நிறுத்தினோம். ஊருக்கு ஊர் தண்ணீர் நிரப்ப வேண்டுமே என்றால், கானை இறக்கத் தேவையில்லை. பக்கத்தில் நின்று ஒரு குழாயால் நிரப்பவும் எடுக்கவும் முடியும்.

அதற்கு அடுத்தபடியாகக் கதிர்காமத்து மாற்றுடுப்பு மூட்டைகள் அடியில் போயின. அவற்றின் மேல் பாய்களும் படங்குகளும். நடுவில் அரிசி, பருப்பு, சீனி, கருவாடு இல்லாத உலர் உணவு. பின் கதவருகே கிடாரம், அடுப்பு, அகப்பை, தேயிலை. தங்குமிடம் வந்ததும் முதலில் வேண்டியது தேநீர்தானே. மண்ணெண்ணெய்ப் போத்தலை இறுக மூடி, நிமிர்த்தி, அரிசிக்கு எதிர் மூலையில் மரப்பெட்டிக்குள் தனியாக வைத்தோம். அதன் ஒரு சொட்டு அரிசியில் பட்டால் 14 பேருக்கும் பட்டினி.

ஜக், சில்லுக் கழற்றும் ஸ்பானர், மண்வெட்டி, கத்தி, கயிறு, ஒரு பலகைத் துண்டு ஆகியவை எந்த மூட்டைக்கும் அடியில் இல்லை. பாணமைக்கு அப்பால் மணலில் சில்லுப் புதைந்தபோது இரண்டு நிமிடத்தில் மண்வெட்டி கைக்கு வந்தது. ஜக்கை வெறும் மணலில் வைத்தால் வண்டி எழும்பாது, ஜக்தான் இறங்கும். அதற்காகத்தான் அந்தப் பலகை.

எல்லாவற்றுக்கும் மேலே தறப்பாள். ஓடுகிற வண்டி பின்பக்கப் புழுதியை உள்ளே இழுக்கும். ஆகவே தறப்பாளைப் பின் கதவின் உட்பக்கமும் மடித்துச் செருகினோம். இடைவெளி விட்ட இடங்களில் சாக்கை மடித்துத் திணித்தோம். ஆடுகிற சாமான்தான் உடைகிற சாமான். கயிற்றோடு பழைய டியூபை வெட்டிய பட்டியையும் கட்டினோம். குலுக்கத்தில் கயிறு தளரும், டியூப் இறுகப் பிடிக்கும்.

அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் காட்டுப் பாதைக்குப் போகிறவர்கள் இப்படியான வண்டிகளுக்கு இழுப்பறைகள் பூட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க ஆசைதான். எங்களுக்கு மூடியுள்ள வாளிகளும் மரப்பெட்டியும் அதே வேலையைச் செய்தன.

கேட்காமல் எடுக்கக்கூடியவை

அக்கரைப்பற்றில் தையல் வேலை செய்கிற ஒரு ராத்தா, எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை தைத்துத் தந்தார். 14 பைக்கும் 14 நிறத்தில் நாடா. எங்களில் சிலருக்கு வாசிக்கத் தெரியாது. பெயர் எழுதியிருந்தால் இன்னொருவரைக் கேட்க வேண்டி வந்திருக்கும். நாடாவின் நிறத்தைப் பார்த்து அவரவர் பையை அவரவரே எடுத்தார்கள். ஒரு பைக்கு 6 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். உகந்தைக்கு அப்பால் அதைச் சுமக்கப் போவது அவரவர் தோள் அல்லவா?

பின் கதவின் வலது மூலையில் ஒரு நீல வாளி. மாதவிடாய்த் துணி, உள்ளாடை, சவர்க்காரம், சிறு கண்ணாடி எல்லாம் அதற்குள். தறப்பாளை ஒரு கை அளவு தூக்கினால் எடுக்கலாம். சாரதியிடம் சொல்ல வேண்டியதில்லை, என்னிடமும் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் எமது மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பிய பெண்கள் முகாம்களில் வரிசையில் நின்று அரிசி கேட்டார்கள், பாய் கேட்டார்கள். இந்தப் பொருட்களை மட்டும் ஆண்களின் முன்னால் கேட்க முடியாமல் பட்ட பாட்டை அவர்கள் இன்றும் சொல்லுவார்கள். அந்த வாளியை வைக்க வேண்டிய இடத்தை என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டி. பிளாஸ்டர், கிருமிநாசினி, சீனி வருத்தக்காரரின் குளிசை, ஜீவனி பைக்கற்றுகள். வெயிலில் நடந்து சோர்ந்தவருக்கு ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம்.

பாணமையில் ஊர்க்காரர் ஓர் எச்சரிக்கை தந்தார்கள். இரவில் அரிசி, உப்பு, பழம் எதையும் வண்டியில் விடக்கூடாது. மணம் பிடித்து யானை வந்தால் தகடு நிற்காது. உணவுப் பொருட்கள் பின்பக்கத்தில் ஒரே இடத்தில் இருந்தபடியால் அவற்றை மட்டும் இறக்கி, அவர்கள் காட்டிய இடத்தில் வைத்தோம்.

றங்குப் பெட்டி

கரிக்கோட்டுக்குள் அடங்காத ஒன்று இருந்தது. 60 வயது தாண்டிய ஓர் அம்மா தன் றங்குப் பெட்டியோடு வந்திருந்தார். உள்ளே மகனின் பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழுக்களுக்கு எழுதிய மனுக்கள், ஒரு புகைப்படம். தங்கையின் வீட்டில் விட்டு வரலாம் என்று சிலர் சொன்னார்கள்.

"இது இல்லாம நான் எங்கயும் போறல்ல மகள்" என்றார். "ரெண்டு முறை வீடு போச்சு. ரெண்டு முறையும் இதத் தூக்கிட்டுத்தான் ஓடினன்."

யாரும் பதில் பேசவில்லை. இரண்டு பெண்கள் தங்கள் பாய்களை எடுத்து வைத்துவிட்டு, ஒரே பாயில் படுப்போம் என்றார்கள். அந்த இடத்தில் பெட்டி ஏறியது. தண்ணீர்க் கானில் இருந்து தள்ளி, நிலத்தில் முட்டாமல் மாற்றுடுப்பு மூட்டைகளின் மேல், பொலித்தீனால் சுற்றி வைத்தோம்.

உகந்தையில் வண்டி நின்றது. மற்றவர்கள் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் பின் கதவருகே நின்றார். பெட்டியைக் காட்டுக்குள் தூக்கிச் செல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து புகைப்படத்தை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். பூட்டினார். திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தார். பிறகு சாரதியிடம் கேட்டார்: "தம்பி, இது கதிர்காமத்துக்கு எனக்கு முன்னம் போயிடுமா?"

"நீங்க வரக்குள்ள அங்க இருக்கும் அம்மா" என்றார் அவர்.

புத்தல வழியாகப் போன அந்த நீண்ட பயணத்தில் றங்குப் பெட்டி பின்பெட்டியில் இருக்கவில்லை. பின் ஆசனத்தில், ஆசனப்பட்டி போட்டு இருந்தது. ஆறாம் நாள் மாணிக்க கங்கைக் கரையில் அவர் வந்ததும் கும்பிடக்கூடப் போகவில்லை. முதலில் திறப்பை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தார். கடதாசிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். புகைப்படத்தை அதன் இடத்தில் வைத்துப் பூட்டினார். பிறகுதான் ஆற்றில் இறங்கினார்.

எமது ஊர்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் மாரி வரும், வெள்ளம் வரும். வாகனம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துப் புறப்பட ஒரு பையாவது இருக்க வேண்டும். மழை தொடங்க முன் ஒருநாள் குந்தி இருந்து அதை அடுக்குங்கள். உங்கள் மனதுக்கு எது முதலில் வேண்டுமோ அதைக் கடைசியாக வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, காணாமற்போனவர் பற்றிய கடிதங்கள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, தண்ணீர் புகாத உறையில் இட்டு, நம்பிக்கையான இன்னொரு வீட்டிலும் ஒரு தொகுதி வையுங்கள். அந்த அம்மாவின் கடதாசிகளுக்கும் இப்போது இரண்டு தொகுதிப் பிரதி இருக்கிறது. ஒன்று தம்பிலுவிலில் தங்கையிடம். மற்றது அக்கரைப்பற்றில், பை தைத்துத் தந்த ராத்தாவின் அலுமாரியில்.