தன்முனைப்பு வாரம்

2006-ஆம் ஆண்டு தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. வீட்டில் முறுக்கு தீர்வதற்குள் எஸ்.பி.எம். நெருங்கிவிட்டது. விடுமுறை முடிந்த கையோடு, திங்கள் முதல் வியாழன் வரை நான்கு மாலைகள், எங்கள் வட்டாரத்துப் படிவம் ஐந்து மாணவர்களுக்குத் தன்முனைப்புக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. ஜாசின் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நாங்கள் வேனில் போய் இறங்கினோம்.

இந்த மலரை வாசிக்கும் பெரும்பாலோர் அப்படியொரு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். சிலர் மேடையேறிப் பேசியும் இருப்பீர்கள். ஆகவே முதல் மூன்று நாள்களை நான் விவரிக்க வேண்டியதில்லை. கால அட்டவணை போட்டோம். கைதட்டினோம். "என்னால் முடியும்!" என்று கூரை அதிரக் கத்தினோம். கால அட்டவணை உண்மையிலேயே பயன்பட்டது, அதை மறுக்கமாட்டேன்.

வியாழக்கிழமைதான் விளக்கை அணைத்தார்கள்.

சோகமான புல்லாங்குழல் இசை ஒலித்தது. "கண்களை மூடிக்கொள்ளுங்கள். அம்மாவின் கைகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கைகள் ஏன் அப்படிக் கறுத்துப் போயின? அவர் படிக்கவில்லை! நீங்களும் படிக்காவிட்டால் நாளைக்குப் பால்மரம்தான் வெட்ட வேண்டும்!" என்றார் பேச்சாளர். மண்டபம் முழுவதும் விசும்பல். நானும் விம்மி விம்மி அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மறுநாளுக்கான உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு என்னம்மா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "ஒன்னுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை எங்களுக்குக் கடைசித் தமிழ் வகுப்பு. எங்கள் இடைநிலைப்பள்ளியில் தமிழ் பாட அட்டவணைக்குள் இல்லை. எழுத விரும்புகிறவர்கள் கூடுதல் பாடமாக எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் வெளியிலிருந்து வரும் டீச்சரிடம் படிக்க வேண்டும். படிவம் நான்கில் பதினான்கு பேராகத் தொடங்கி ஐந்து பேராக முடித்தோம். அந்த ஐந்து பேரும் வகுப்பு முடிந்ததும் மலாக்கா டவுனுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. இனி யார் எங்கே போவோமோ என்ற எண்ணம்.

அம்மாவிடம் உத்தரவு வாங்குவது எளிதாக இல்லை. "ஆம்பளப் பிள்ளைங்களும் வர்றாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். "பொய்யாத பிள்ளையார் கோயில்ல பேனா வச்சுக் கும்பிடப் போறோம்மா" என்றதும் இளகினார். கடந்தாண்டுத் தேர்வுத்தாள் தொகுப்பு வாங்க இருபது வெள்ளியும் கொடுத்தார்.

மலாக்கா சென்ட்ரலில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, சிவப்புக் கட்டடங்களின் முன்னால் வந்து நின்றோம். வரலாறு எங்களைப் பயமுறுத்திய பாடம். ஆகவே மெர்லிமாவ்காரி அங்கேயே தேர்வு நடத்த ஆரம்பித்துவிட்டாள். "போர்த்துகீசியர்?" "1511!" "டச்சுக்காரர்?" "1641!" "ஆங்கிலோ டச்சு ஒப்பந்தம்?" "1824!" பூ வைத்த திரிஷா ஓட்டும் சீனத்து அங்கிள் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கிறிஸ்து ஆலயத்தின் முகப்பில் 1753 என்று எழுதியிருந்தது. அது பாடத்தில் இல்லை, விட்டுவிட்டோம்.

பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் தட்டார் தெருவில், ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கிறது. 1781-இல் கட்டப்பட்டது, நாட்டிலேயே மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. மலாக்கா செட்டிகளுடைய கோயில் அது. ஐந்து பேனாக்களையும் சந்நிதியில் வைத்துவிட்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் மலாயில் பேச்சுக் கொடுத்தார். காஜா பெராங் செட்டி கிராமத்தைச் சேர்ந்தவராம். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, இங்கேயே மணம் முடித்து நிலைத்தவர்களின் வழி. நெற்றியில் திருநீறு, உடலில் கெபாயா, வாயில் மலாய். நாங்கள் தமிழ்ப் பாடம் எழுதப் போவதாகச் சொன்னதும், யாராவது ஒருவருடைய தமிழ்ப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். வாங்கிப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமல், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். "ரூகி நெனெக்" என்றார். பாட்டிக்கு நட்டம் என்று பொருள். பதினான்கு பேரில் நின்றுபோன ஒன்பது பேரின் நினைவு எனக்கு வந்தது.

செண்டோல் சாப்பிட்டோம். என் இருபது வெள்ளியில் முதல் ஓட்டை அங்கேதான் விழுந்தது. பிறகு செயின்ட் பால் குன்றில் ஏறினோம். மேலே போர்த்துகீசியர் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. அங்கிருந்து கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் அசகான்காரன் சொன்னான்.

"நான் பரீட்சை எழுதல. திங்கக்கிழமை பேக்டரி பஸ் ஏறுறேன்."

பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலை வேலை. அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். தீபாவளிக்கு முந்திய வாரம் குலை ஒன்று தோளில் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. வரவேண்டிய பணம் இன்னும் வந்து சேரவில்லை. அவனுக்குக் கீழே மூன்று பேர். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நான்கு மாலையும் எங்களோடு கைதட்டியிருக்கிறான்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தன்முனைப்புப் பேச்சு பேசினோம்! மாற்றி மாற்றி, அந்தப் பேச்சாளர் மாதிரியே. நான்தான் உச்சமாக, "உன் அப்பாவோட கைய நெனச்சுப் பாருடா" என்றேன்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "எங்கப்பா கைக்கு என்ன? அந்தக் கையில வெட்கப்பட என்ன இருக்கு? உங்கம்மா வெட்டுற மரத்துல ஒரு காயம் பார்க்க முடியுமா? புது மரம் தொறக்கணும்னா தண்டல் யாரைக் கூப்பிடுறாரு? உங்கம்மாவைத்தான? அத அந்த ஆளு தண்டனைங்கிறாரு, நீங்கெல்லாம் உக்காந்து அழுவுறீங்க."

ஒருவரும் பேசவில்லை. அவன் சொன்னது முழு உண்மை. பள்ளி விடுமுறைகளில் அம்மாவுக்கு உதவப் போனவள் நான். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் இறங்காது. அளவுக்கு மீறினால் மரத்தில் காயம் பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அங்கே உளி வைக்க முடியாமல் போகும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், இருட்டில், ஒவ்வொரு மரத்திலும் அந்த நூலளவைப் பிடிக்க வேண்டும். நான் வெட்டிப் பார்த்த ஒரே மரத்தை அம்மா பல நாள் எனக்குக் காட்டிக் கேலி செய்திருக்கிறார்.

கோபம் தணிந்ததும் அவன் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னான். 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளோடு கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் அவரும் நடந்தாராம். எங்களில் மற்ற நால்வரும் அன்றுதான் அதைக் கேள்விப்பட்டோம். எத்தனையோ ஆண்டுகளை மனப்பாடம் செய்திருந்தோம், பக்கத்துத் தோட்டத்து 1967 எங்களுக்குத் தெரியவில்லை. (நாங்கள் வந்துபோன அந்த நவம்பரில்தான், குன்றுக்குக் கீழே சுழல் கோபுரம் கட்டத் தோண்டியபோது பழைய கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அதைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு அவனுடைய தாத்தாதான் நினைவுக்கு வந்தார்.)

பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பாடவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செண்டோல், தொகுப்பு வாங்க மீந்த பணம் போதாமல் போனது, வியாழக்கிழமை அழுதது, அசகான்காரன். அம்மா இருபது வெள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவங்கம்மா பேரு சீட்டுல இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்துவந்தார்கள். ஆளுக்கு மாதம் ஐம்பது வெள்ளி, மாதம் ஒருவருக்கு ஐந்நூறு. நவம்பர் எங்கள் அம்மாவின் முறை. நான் ஆறாம் படிவம் போனால் பஸ் காசுக்கும் சீருடைக்கும் என்று அதை எண்ணி வைத்திருந்தார். அவனுடைய அம்மாவின் முறை பிப்ரவரியில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தேநீர் குடித்தார். அவன் அப்பாவின் தோளைப் பற்றிக் கேட்டார். பிறகு, "எனக்கு இப்போ காசு வேணாம் அக்கா. என் முறைய நீங்க எடுத்துக்குங்க, உங்க பிப்ரவரிய நான் எடுத்துக்கறேன். புள்ள பரீட்சை முடிச்சுட்டு வேலைக்குப் போகட்டும்" என்றார். எனக்கு இப்போது காசு வேண்டாம் என்பது பொய். பொய்யாத பிள்ளையார் மன்னிப்பாராக!

அவன் அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புறப்பட எழுந்தபோது, நல்ல கையால் தலைமாட்டில் இருந்த டார்ச் லைட்டை எடுத்து, "வழியில இருட்டும், வச்சுக்கம்மா" என்று என்னிடம் நீட்டினார். மணி நாலரைதான் ஆகியிருந்தது.

அசகான்காரன் பரீட்சை எழுதினான். எல்லாத் தாள்களையும். அவனுக்கு ஏ எதுவும் கிடைக்கவில்லை. கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறினான். தமிழில் நல்ல மதிப்பெண். டிசம்பரிலேயே பேக்டரி பஸ் ஏறினான். சில ஆண்டுகள் கழித்து, அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இயந்திரப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போக முடிந்தது என்று தொலைபேசியில் சொன்னான். நான் ஆறாம் படிவம் முடித்து 2009-இல் பல்கலைக்கழகம் வந்தேன். பிப்ரவரிச் சீட்டு அதற்குள் வேறு ஏதோ செலவுக்குப் போய், சீருடை அத்தை மகளுடையதாக அமைந்தது தனிக்கதை.

இரண்டாம் ஆண்டில் நம் கழகத் தோழர்களோடு மலாக்காவுக்கே ஒரு முகாம் நடத்தப் போனேன். கடைசி நாள் "கண்ணை மூடுங்கள்" அங்கத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். இசைத்தட்டு தயாராக இருந்தது. நான் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்கள் அப்பாவோ அம்மாவோ செய்யும் வேலையை, தெரியாத ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் எழுதுங்கள்" என்றேன். ஏற்பாட்டுக் குழுவில் சிலருக்கு வருத்தம்தான், யாரும் அழவில்லையே!

முன்வரிசைப் பையன் ஒருவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினான். செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று கீழே உதிர்ந்த பழங்களைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது, அரிவாள் கம்பை எந்தப் பக்கம் நின்று இழுத்தால் குலை மேலே விழாது என்று படம் போட்டிருந்தான். படத்தில் மனிதன் நிற்க வேண்டிய இடத்தை ஒரு பெருக்கல் குறியால் காட்டியிருந்தான். அந்தத் தாளை அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அசகான்காரனுக்கு அனுப்பினேன்.