பஞ்சில் சுற்றிய டயோடு

சார் தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே, பஞ்சில் சுற்றி ஒரு டனல் டயோடு. "கடைசி ஒண்ணுடா. பத்திரம்." ஒரு ஆசிலேட்டர் செய்து காட்டுகிறேன் என்று நான்தான் வாய்விட்டிருந்தேன்.

அறைக்குப் போனதும் முதல் வேலையாக, பழைய முள் மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தேன். டயோடுன்னா அப்படித்தானே பார்ப்போம்? இரண்டு பக்கமும் கடத்தியது. பிரச்சினை என்னன்னா, நல்ல டனல் டயோடும் இரண்டு பக்கமும் கடத்தும். அந்த மீட்டர் குறைந்த ரேஞ்சில் 100 மில்லியாம்பியர்கூடத் தள்ளும். இந்த டயோடு தாங்குவது சில மில்லியாம்பியர்தான். கொன்றுவிட்டேன் என்பதே தெரியாமல் இரண்டு ராத்திரி சர்க்யூட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சார் திட்டவில்லை. ஒரு தாளில் கோடு போட்டார். 1957இல் டோக்கியோவில், பின்னாளில் சோனி என்று பெயர் மாறிய நிறுவனத்தில், லியோ எசாகி பார்த்த கோடு. ஜெர்மானியத்தில் மாசை அளவுக்கு மீறிக் கலந்தால், சந்தியின் அகலம் சுமார் 10 நானோமீட்டராகச் சுருங்கும். எலக்ட்ரான்கள் தடுப்பைத் தாண்டாமல் ஊடுருவியே போய்விடும். வோல்டேஜ் ஏற ஏற கரண்டும் ஏறுகிறது. 65 மில்லிவோல்ட் பக்கத்தில் உச்சி. அப்புறம் வோல்டேஜைக் கூட்டினால் கரண்ட் குறைகிறது! 350 வாக்கில் பள்ளம், மறுபடி ஏற்றம். 1973இல் எசாகிக்கு நோபல் வாங்கிக் கொடுத்தது இந்தச் சரிவுதான்.

அதுதான் நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ். மந்திரமில்லை, சும்மா சக்தி வராது. காயிலும் கெப்பாசிட்டரும் ஊசலாடும்போது கம்பியின் தடை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தின்னுகிறது. பேட்டரியிலிருந்து வாங்கி அந்த நஷ்டத்தை டயோடு ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

மூணு வருஷம் கழித்து, சோவியத் காலத்து டயோடு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 1.5 வோல்ட் செல்லை இரண்டு ரெசிஸ்டரால் பிரித்து 150 மில்லிவோல்ட் ஆக்கினேன். ஆசிலேட் ஆகவில்லை. டயோடுக்கு இணையாக நிற்கும் ரெசிஸ்டர் அதன் நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸைவிடச் சின்னதாக இருக்கணும். இல்லையென்றால் டயோடு சரிவில் நிற்காமல் ஏதாவதொரு பக்கம் தாவிவிடும். அதை மாற்றினேன். ஸ்கோப்பில் அலை வந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் அலை.

போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: "மீட்டர் வச்சியா?"


"இல்ல சார்."